வருமானக் கோட்டுக்கு மேலே

முறுக்கைக் கடித்தால் சத்தம் வரும் என்று அம்சவேணி அதை வாயின் ஒரு ஓரமாக ஒதுக்கி ஊறவைத்துக்கொண்டிருந்தாள். ஐயா பேசும்போது யாரும் எதையும் கடிப்பதில்லை. அப்படியொரு கட்டளை இல்லை, யாரும் சொன்னதுமில்லை, ஆனாலும் மேசையைச் சுற்றியிருந்த நாலு பேரில் மூன்று பேர் தட்டைத் தொடாமல் இருந்தார்கள், இவள்தான் என்ன நினைப்பிலோ ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டாள். இனி துப்பவும் முடியாது மெல்லவும் முடியாது. கீழே பம்பு கம்பெனியில் லேத்துகள் ஓடும் சத்தம் தரையின் வழியாகக் காலுக்கு வந்தது. ஐயா என்று எல்லோரும் கூப்பிடும் கனகசபாபதி இந்தக் கம்பெனியின் முதலாளி. வார்ப்புப் பட்டறையில் அச்சு மண் சலிக்கும் பையனாக ஆரம்பித்தவர், இன்றைக்கும் கை நகத்தில் கறுப்பு போகவில்லை. அவருடைய அறக்கட்டளை வருஷத்துக்குச் சில பிள்ளைகளை எடுத்து, கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து பட்டம் வாங்கும் நாள் வரை ஹாஸ்டல், சாப்பாடு, புத்தகம் எல்லாம் பார்த்துக்கொள்ளும். அந்தப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கத்தான் இந்தக் கூட்டம். காலையிலிருந்து நேர்காணல் நடந்து முடிந்து, ஒரே ஒரு இடம் பாக்கி, அந்த ஒரு இடத்துக்கு இரண்டு பிள்ளைகள் கீழே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு பையன், ஒரு பெண். அந்தப் பெண்ணை நினைத்ததும் அம்சவேணிக்கு முறுக்கு இன்னும் பெரிதானது போல இருந்தது.

"நாம ஏனுங்கய்யா இதை வருஷா வருஷம் தலைவலியா வச்சுக்கணும்?" என்று ஆடிட்டர் பிரபாகர் சொன்னான். அவனுக்கு முப்பத்தைந்துக்குள்தான் இருக்கும். அறக்கட்டளைக் கணக்கைச் சம்பளம் வாங்காமல் பார்க்கிறவன், நல்ல பிள்ளை. "விண்ணப்பத்துல சாதின்னு ஒரு கட்டம் இருக்கறதாலதான் நமக்குள்ள இந்தப் பேச்சே வருது. அந்தக் கட்டத்தையே எடுத்துடலாம். பேரும் வேண்டாம், சாதியும் வேண்டாம். குடும்ப வருமானம் ஒண்ணு போதும். யார் ரொம்பக் கஷ்டப்படறாங்களோ அவங்க மேல, மத்தவங்க கீழ. நாம யாருன்னே பாக்கவேண்டியதில்லை." பிறகு, எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துச் சிரித்து, "நான் சாதியே பாக்கறதில்லீங்க. இதோ மேடத்தோட மூணு வருஷமா உக்காந்திருக்கேன், மேடம் என்ன ஆளுங்கன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது" என்றான். அவன் பெருமையாகத்தான் சொன்னான். அதில் பெருமைப்பட ஏதுமில்லை என்றும் சொல்லிவிட முடியாது. அம்சவேணியும் சிரித்தாள், வாயில் முறுக்கோடு எப்படிச் சிரிப்பதோ அப்படி. "பசிக்குச் சாதி ஏதுங்க?" என்று ஐயா மெதுவாகச் சொன்னார், தனக்குத்தானே சொல்வது போல. "நான் பட்டினி கெடந்தப்ப என் வயிறு என்ன சாதின்னு கேக்கல. செரி, ஆளாளுக்குச் சொல்லிடுங்க. டாக்டரம்மா மொதல்ல. அப்பறம் மேடம். கடைசியா நான்."

டாக்டர் வசுமதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பேச ஆரம்பித்தாள். குழந்தை மருத்துவர், எதையும் சுருக்கமாகச் சொல்லத் தெரியாதவள். இவள் பேசி முடிக்கும் வரை நேரம் இருக்கிறது என்று அம்சவேணி நினைத்தாள். அதற்குள் முறுக்கு கரைந்துவிடும். அதற்குள் என்ன சொல்வதென்றும் தெரிந்துவிடும். பசிக்குச் சாதி ஏதுங்க. ஐயா சொன்னால் அது உண்மையாகத்தான் இருக்கும், அவர் பொய் சொல்கிறவரில்லை. அவர் பட்டினி கிடந்த கதையை இந்த ஊரில் பட்டறை வைத்திருக்கும் எல்லோரும் சொல்வார்கள். அம்சவேணி அப்படிப் பட்டினி கிடந்ததில்லை. அதைச் சொன்னால் யார் நம்புவார்கள்? அவளுடைய அப்பா ரங்கனுக்கு உடுமலை நகராட்சியில் நிரந்தர வேலை. மாசம் பிறந்தால் சம்பளம். தீபாவளிக்கு முன்பணம். வீட்டில் அரிசிப் பானை காலியாக இருந்து அவள் பார்த்ததில்லை. வகுப்பில் புது ஜாமெட்ரி பாக்ஸ் வாங்கிய முதல் பெண் அவள்தான். மூடியைத் திறந்தால் வரும் அந்தத் தகர வாசனை. அப்பா சம்பளத்தன்று வாங்கிக்கொண்டு வந்தார், வீட்டுக்குள் வராமல் வாசலிலேயே வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். எப்போதும் அப்படித்தான், குளிக்காமல் அவர் எதையும் கையில் கொடுத்ததில்லை. சிவப்பு சோப்பைத் தேய்த்துத் தேய்த்து ஒரு வாரத்தில் கரைத்துவிடுவார். நகராட்சியில் என்ன வேலை என்று பள்ளிக்கூடத்தில் கேட்டபோது, நகராட்சியில்தான் என்று இவள் சொன்னாள். டீச்சர் மறுபடி கேட்டார். இவள் மறுபடி நகராட்சி என்றாள். ஆனால் இன்று காலையில் அதைச் சொன்னது இவளல்லவே, அது கீழே பெஞ்சில் இருக்கிற அந்தப் பெண், பவதாரணி, ஒன்று இன்னொன்றின் மேல் ஏறிக்கொண்டுவிட்டது. கார்ப்பரேஷன்ல வேலைங்க. என்ன வேலைம்மா? கார்ப்பரேஷன்லதானுங்க. பிரபாகர் அதற்கு மேல் கேட்கவில்லை, வருமானச் சான்றிதழைப் பார்த்து, "நாம வச்ச வருமானக் கோட்டுக்குக் கொஞ்சம் மேல போகுதுங்க" என்று மட்டும் சொன்னான். நிலுவைச் சம்பளம் சேர்ந்து வந்திருக்கும். கையுறைகூட இல்லாமல் குழிக்குள் இறங்குகிற ஒரு ஆளுக்கு நிலுவைச் சம்பளம் வந்ததால் அவன் மகள் கோட்டுக்கு மேலே போய்விட்டாள்.

"இந்த ஊர்ல கைக்குழந்தைக்குச் சளி புடிச்சாகூட எந்த வார்டு, எந்தத் தெருன்னு கேட்டுட்டுத்தான் தொடற ஆளுங்க இருந்தாங்க, நான் படிச்ச காலத்துல" என்று டாக்டரம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். "இப்ப அதெல்லாம் இல்லை. என் ஆஸ்பத்திரியில நர்சுங்க யார் எந்தச் சாதின்னு எனக்குத் தெரியாது. நோயும் அப்படித்தான், வறுமையும் அப்படித்தான்." வறுமையும் அப்படித்தான். வைதேகி. அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? எத்தனையோ வருஷமாக நினைக்காத பெயர். கோயில் மடப்பள்ளியில் சமைக்கிறவருடைய மகள். மடப்பள்ளி என்றால் தினமும் பொங்கலும் புளியோதரையும் என்று வகுப்பில் கிண்டல் செய்வார்கள். உண்மையில் அந்தக் கோயிலுக்கு வருமானமே கிடையாது, அவளுடைய அப்பாவுக்குப் படியளப்பதும் நின்று போயிருந்தது. மத்தியானம் மணியடித்தால் வைதேகி, எனக்கு விரதம் என்பாள். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு எந்தச் சாமி இத்தனை விரதம் விதித்தது? செவ்வாய் விரதம், வியாழன் விரதம், பிறகு எல்லாக் கிழமையும். ஒருநாள் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அம்சவேணி டப்பாவைத் திறந்தபோது அவள் வந்து பக்கத்தில் நின்றாள். தக்காளிச் சோறும் அவித்த முட்டையும். ஒன்றும் கேட்கவில்லை. அவள் கண் டப்பாவுக்குள் இருந்தது. இந்தா என்று இவள் நீட்டினாள். வைதேகி உடனே வாங்கவில்லை. முதலில் இடது பக்கம் பார்த்தாள், பிறகு வலது பக்கம், பிறகு பின்னால் திரும்பி ஸ்டாஃப் ரூம் ஜன்னலைப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் கை வந்தது. முட்டையை ஒதுக்கிவிட்டுச் சோறு முழுவதையும் சாப்பிட்டாள். "யார்கிட்டயும் சொல்லிடாதடி" என்றாள். குழாயடியில் ரொம்ப நேரம் வாய் கொப்பளித்தாள். பசிக்குச் சாதி இல்லைதான் ஐயா, ஆனால் பசித்தவளுக்கு இருந்ததே. அத்தனை பசியிலும் மூன்று பக்கம் திரும்பிப் பார்க்கத் தோன்றியதே. அதைவிட இவளுக்கு இப்போது உறுத்துவது வேறொன்று. அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது இவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. வெறும் வயிறோடு, ஒரு முட்டையோடு, ஏதோ பரிசு வாங்கியவள் போலக் குதித்துக்கொண்டு போனாள். தான் கொடுத்தாளா, வாங்கினாளா என்று இன்றைக்கும் அவளால் சொல்ல முடியாது.

அப்படியென்றால் பிரபாகர் சொல்வதில் என்ன தப்பு? அன்றைக்கு இந்த அறக்கட்டளை இருந்து, வருமானத்தை மட்டும் பார்த்திருந்தால் வைதேகிக்குக் கொடுத்திருப்பார்கள். கொடுக்க வேண்டியதுதான். அவளைவிடப் பசித்தவள் அந்த வகுப்பில் யாருமில்லை. கீழே உட்கார்ந்திருக்கிற பையனும் அப்படித்தான், ஸ்ரீவத்சன். அப்பா இல்லை. அம்மா கல்யாணச் சமையலுக்குப் பின்வேலை செய்யப் போகிறவள், முகூர்த்தம் இல்லாத மாதங்களில் ஒன்றும் கிடையாது. காலர் கிழிந்த சட்டையை உள்பக்கம் திருப்பித் தைத்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தான், கேள்வி கேட்கும்போதெல்லாம் கை காலரை மூடப் போனது. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு அவனுக்கு இல்லை என்று சொல்ல இவளால் முடியாது. முடியக் கூடாது. வைதேகியும் ரங்கன் மகளான இவளும் உட்கார்ந்தது ஒரே வகுப்பில்தான், ஒரே பெஞ்சில்தான். ஆனால் வைதேகி காலேஜ் முடித்து, எங்கோ ஒரு பெரியப்பா பார்த்துக் கொடுத்த வேலைக்குப் போய், வாடகைக்கு வீடு தேடிப் போயிருந்தால் அவளை யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள். ஒரு சம்பளம், ஒரு நல்ல சேலை, அவ்வளவில் அவளுடைய பசிக்காலம் முடிந்து போயிருக்கும். இவளுக்கு?

அந்த மாடி வீடு. புது டிஸ்டம்பர் வாசனை, ஜன்னலில் வேப்பங்கிளை. கணவன் குணசேகரன் வங்கியில் அதிகாரி, இவள் கல்லூரியில் வேதியியல் ஆசிரியை, இரண்டு சம்பளம், கையில் முன்பணம். வீட்டுக்கார அம்மா எல்லாவற்றையும் காட்டினாள், மோட்டார் போடும் ஸ்விட்ச், பால்காரன் வரும் நேரம், எல்லாம். குணசேகரன் உறையை நீட்டிக்கொண்டிருந்தபோதுதான் கூட வந்திருந்த இவளுடைய அம்மா, பரணைப் பார்த்துவிட்டுச் சந்தோஷம் தாங்காமல், தங்கள் வீட்டுத் தெலுங்கில் ஏதோ சொல்லிவிட்டாள். வீட்டுக்கார அம்மாவின் முகம் மலர்ந்தது. அட, நம்மவங்களா நீங்க! அவளும் தெலுங்கில் பேச ஆரம்பித்தாள். எந்த ஊர், எந்தப் பக்கம். அம்மாவும் பேசினாள். பேசப் பேச, எதிரே இருந்தவளின் காது கூர்மையாவதை அம்சவேணி பார்த்தாள். நாயுடு வீட்டுத் தெலுங்குக்கும் தங்கள் சேரித் தெலுங்குக்கும் நடுவே இருந்த சின்னச் சின்ன வித்தியாசங்கள் ஒவ்வொன்றாக அந்தக் காதில் விழுவதைப் பார்த்தாள். அம்மா நிறுத்தவில்லை, நெடுநாள் கழித்துப் பட்டணத்தில் தன் பாஷையைப் பேச ஆள் கிடைத்த உற்சாகம். கடைசியில், உங்க குலதெய்வம்? என்று கேட்டாள் வீட்டுக்கார அம்மா. அம்மா சொன்னாள். அவ்வளவுதான். "அவர் ஊர்லருந்து வரட்டுங்க, கேட்டுட்டுச் சொல்றனுங்க." இப்போது தமிழ். நீட்டிய உறை குணசேகரன் கையிலேயே இருந்தது. கதவு சாத்தும் சத்தம்கூட மரியாதையாகத்தான் வந்தது. ஆட்டோவில் வரும்போது அம்மா ஒன்றே ஒன்று சொன்னாள். "நான் வாயத் தொறந்திருக்கக் கூடாது சாமி." அதற்குப் பிறகு சாகும் வரை அம்மா வெளியாட்கள் முன்னால் தெலுங்கு பேசவில்லை. தாலாட்டுப் பாடிய பாஷை, சண்டை போட்ட பாஷை, அதை முந்தானையில் முடிந்துவைத்துக்கொண்டு, உடைந்த தமிழில் தண்ணி வேணுங்களா, உக்காருங்க என்று பேசிக்கொண்டே செத்துப்போனாள். அந்த உறையில் இருந்த தொகைக்கு எந்தக் குறையும் இல்லை பிரபாகர். கோட்டுக்கு வெகு மேலே இருந்தது.

ஆனால் இதை எப்படிச் சொல்வது, எங்கிருந்து ஆரம்பிப்பது, ஆரம்பித்தால் எந்த முகம் எப்படிப் போகும்? டாக்டரம்மா இன்னும் பேசிக்கொண்டிருக்கிறாள், வெளிநாட்டில் ஏதோ பல்கலைக்கழகத்தில் பெயரை மறைத்துவிட்டுத் தேர்வு செய்கிறார்களாம், இசைக்குழுவில் திரைக்குப் பின்னால் வாசிக்கச் சொல்வார்களாம். நல்ல ஏற்பாடுதான். அம்சவேணி மறைத்ததில்லை, சொன்னதுமில்லை. உடுமலையில் எந்தப் பக்கம் என்று இதே டாக்டரம்மா ஒரு தடவை கேட்டாள், நகராட்சி ஆபீஸ் பக்கம் என்று இவள் சொன்னாள். அது உண்மை. கேள்விக்கும் அதுதான் பதில். அந்தப் பதிலுக்கும் உண்மைக்கும் நடுவே இரண்டு தெரு இருக்கிறது, அந்த இரண்டு தெருவை நடந்து கடக்க யாரும் வற்புறுத்தவில்லை, அதுதான் இந்த அறையின் நாகரிகம். சொல்லிவிட்டால்? ஒன்றும் நடக்காது. நல்லவர்கள். இன்னும் கொஞ்சம் கூடுதலாக நல்லவர்களாக ஆகிவிடுவார்கள், அதுதான் பயம். முறுக்குத் தட்டை இவள் பக்கம் நகர்த்துவதில் ஒரு கவனம் வந்துவிடும். தப்பித் தவறி ஏதாவது சொல்லிவிடக் கூடாதே என்று பேச்சில் ஒரு நிதானம். கல்லூரியில் சேர்ந்த வருஷம் கிளார்க் வகுப்புக்குள் வந்து, எஸ்.சி. ஸ்காலர்ஷிப் வந்திருக்கு, ஆளுங்க எந்திரிங்க என்றாரே, அப்போது எழுந்து நின்றபோது முதுகில் விழுந்த பார்வைகளில் ஒன்றுகூடக் கெட்ட பார்வை இல்லை. தெரிந்துகொண்ட பார்வை, அவ்வளவுதான். பாவாடை நாற்காலியில் மாட்டிக்கொண்டு அவள் பாதி எழுந்து பாதி உட்கார்ந்து நின்றாள். அந்தக் கட்டம் இல்லாமலிருந்தால் அன்றைக்கு எழுந்து நின்றிருக்க வேண்டாம். அந்தக் கட்டம் இல்லாமலிருந்தால் அந்த வகுப்பிலேயே இருந்திருக்க மாட்டாள். இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால் யாருக்கு விளங்கும்?

மகளுக்கே விளங்கவில்லை. இளவெயினி கட்டடக்கலை படிக்கச் சேரும்போது, எனக்கு அந்த ஒதுக்கீட்டு இடம் வேண்டாம்மா, நான் கார்ல ஸ்கூலுக்குப் போனவ, என்னைவிட ஏழை யாராவது எடுத்துக்கட்டும் என்றாள். இவளுக்குப் பெருமையாக இருந்தது, பொதுப் பட்டியலிலேயே அவளுக்கு இடமும் கிடைத்தது. ஹாஸ்டலில் முதல் வாரம் பக்கத்துக் கட்டில்காரி கேட்டாளாம், உன் மார்க் என்ன? அதுதான் இப்போதைய கேள்வி, மார்க்கைக் கேட்டால் எந்தப் பட்டியல் என்று தெரிந்துவிடுமாம். இளவெயினி சொன்னாள். அட, அப்ப நீ எங்களை மாதிரியா என்றாளாம் அவள், சந்தோஷமாக. நீ என்ன சொன்னே என்று அம்சவேணி கேட்டாள். "ஒண்ணும் சொல்லலம்மா. சும்மா சிரிச்சேன்." கார் வாங்கிக் கொடுத்திருக்கிறோம், வீடு கட்டியிருக்கிறோம், அதோடு அந்தச் சிரிப்பையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறோம் என்று நினைத்து இரண்டு நாள் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இளவெயினிக்கு உதவித்தொகை வேண்டாம்தான். அவளுக்கு வேண்டியது எந்தக் கட்டத்திலும் இல்லை. அப்படியானால் கட்டத்தால் என்ன லாபம், பிரபாகர் சொல்வதுதானே சரி, இல்லை, அதுவும் சரியில்லை, பவதாரணி இளவெயினி அல்லவே, கோட்டுக்கு ஒரு விரற்கடை மேலே நிற்கிறவளும் காரில் போகிறவளும் ஒன்றா. நினைப்பு சுற்றிச் சுற்றி மாட்டிய இடத்திலேயே மறுபடி மாட்டியது, மேசைக்கடியில் அவள் கால் செருப்பைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தது.

"அதனால பிரபாகர் சொல்றது எனக்குச் சம்மதம்தான்" என்றாள் டாக்டரம்மா. ஐயா இவள் பக்கம் திரும்பினார். "மேடம், நீங்க சொல்லுங்க."

முறுக்கு எப்போதோ கரைந்து போயிருந்தது. பொதுவாக ஏதாவது சொல்லலாம், சமூகநீதி, வரலாறு, மேடையில் பேசுகிற மாதிரி. வேண்டாம்.

"அந்தப் பவதாரணியோட அப்பா என்ன வேலை செய்யறார்னு காலையில கேட்டோம்" என்றாள். தன் குரல் வேறு யாருடையதோ போல அவளுக்குக் கேட்டது. "அந்தப் பொண்ணு சொல்லல. நான் சொல்றேன். சாக்கடைக் குழியில இறங்கி அடைப்பு எடுக்கறவர். எனக்கு எப்படித் தெரியும்னா, எங்கப்பாவும் அதே வேலைதான் பாத்தார். நாங்க அருந்ததியர்."

கீழே லேத் ஓடிக்கொண்டிருந்தது.

"எங்களுக்குச் சோத்துக்குக் கஷ்டம் இருந்ததில்லீங்கய்யா. எங்கப்பா சம்பளம் அப்பவே கோட்டுக்கு மேல. என்கூடப் படிச்ச ஒரு ஐயர் வீட்டுப் பொண்ணு என்னைவிட ஏழை. அவளுக்குத்தான் மொதல்ல குடுத்திருக்கணும், அதுல எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனா அவளுக்கு இருந்தது பணக் கஷ்டம். பணம் வந்தாப் போயிரும். எனக்கு இருந்தது பணம் வந்தும் போகல. ரெண்டு பேரும் சம்பாதிச்சு, கைநிறையப் பணத்தோட வீடு கேட்டுப் போயி, எங்கம்மா பேசின ரெண்டு வார்த்தையால வாசலோட திரும்பி வந்தோம். நீங்க அந்தக் கட்டத்தை எடுத்துட்டா உங்களுக்குத் தெரியாமப் போகும். வீட்டுக்காரங்களுக்குத் தெரியாமப் போகாதுங்க."

பிரபாகரின் முகம் சிவந்திருந்தது. "மேடம், நான் ஏதாவது தப்பா…" என்று ஆரம்பித்தான். "தப்பாச் சொல்லல பிரபாகர். நல்ல மனசோடதான் சொன்னீங்க" என்றாள். சொன்னபோது அவன்மேல் அவளுக்கு நிஜமாகவே பிரியம் வந்தது. தெரியாமலே இருக்க முடிகிறது அவனால். வாய்த்தவர்களுக்கு அது வாய்க்கட்டும்.

"ரெண்டு பிள்ளைங்களையும் எடுத்துக்கலாங்க" என்றார் ஐயா சட்டென்று. "ஒரு இடம் கூடப் போனாப் போகுது." டாக்டரம்மா ஆமாம் ஆமாம் என்றாள். எல்லோரும் மூச்சு விட்டார்கள். இதோடு முடித்துக்கொள்ளலாம், கும்பிட்டுவிட்டு உட்கார்ந்துவிடலாம் என்று அம்சவேணிக்குத் தோன்றியது, அவள் உட்கார்ந்துதான் இருந்தாள் என்பதே அப்போதுதான் நினைவு வந்தது. "சந்தோஷங்கய்யா. இந்த வருஷம் நான் உக்காந்து சொன்னதால நீங்க குடுக்கறீங்க. அடுத்த வருஷம் கட்டமும் இருக்காது, நானும் இருப்பனோ என்னமோ."

ஐயா கறுப்பு போகாத தன் நகங்களைப் பார்த்தார். பிறகு பேசியபோது குரல் இறங்கியிருந்தது. "நான் மொதமொதல்ல சொந்தமாப் பட்டறை போட்டப்ப, முன்பணமில்லாம எடம் குடுத்தவரு எங்க ஊர்க்காரரு. இரும்புக்குக் கடன் குடுத்தவரு எங்க மாமன் வகையறா. பேங்குல கையெழுத்துப் போட்டவரும் நம்ம ஆளுதான். அப்பல்லாம் அது சாதின்னு எனக்குத் தோணுனதே இல்லீங்கம்மா. பழக்கம்னு நெனச்சுட்டிருந்தேன்." பிரபாகர் பக்கம் திரும்பினார். "கட்டம் இருக்கட்டும் பிரபாகர். வருமானமும் இருக்கட்டும். ரெண்டையும் வச்சுப் பாருங்க. தலைவலின்னா தலைவலி." பிரபாகர் தலையசைத்தான். டாக்டரம்மா தட்டை அம்சவேணியின் பக்கம் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள். எதிர்பார்த்ததுதான். எதிர்பார்த்த அளவுக்கு வலிக்கவில்லை. பிள்ளைகளிடம் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள் என்றார் ஐயா.

அம்சவேணி படியிறங்கிப் பெஞ்சருகே போனாள். சொன்னதும் ஸ்ரீவத்சன் கும்பிட்டான், கும்பிட்ட கையோடு, அம்மாவுக்குச் சொல்லிட்டு வந்தர்றேனுங்க என்று வெளியே ஓடினான். பவதாரணி எழுந்து நின்றாள், ஓடவில்லை, சிரிக்கவுமில்லை. எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, மடியில் வைத்திருந்த பை இப்போது நெஞ்சோடு.

"ரொம்ப நன்றிங்க மேடம்." கொஞ்சம் நின்றாள். "ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளு கண்ணு."

"இது என் மார்க்குக்குங்களா? இல்ல… அதுக்குங்களா?"

மார்க்குக்குத்தான் என்று சொல்லியிருக்கலாம். பாதி உண்மை, பிள்ளை சந்தோஷமாகப் போயிருப்பாள், என்றாவது ஒரு ஹாஸ்டல் கட்டிலில் உட்கார்ந்து சும்மா சிரித்துவைப்பாள். அதற்குத்தான் என்று சொன்னால் அதுவும் பாதி உண்மை, மாடியில் அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டு வந்த வாய்க்கு இந்த ஒரு பெண்ணிடம் சொல்ல வார்த்தை வரவில்லை.

"எனக்கும் ஒரு காலத்துல இப்படிக் குடுத்தாங்க" என்றாள் அம்சவேணி. "நானும் இதையேதான் கேக்கணும்னு நெனச்சேன்."

அந்தப் பெண் அவளை நிமிர்ந்து பார்த்தாள். காலையிலிருந்து இல்லாத ஒரு பார்வை. "கேட்டீங்களா?"

"இல்ல."

"ஏனுங்க மேடம்?"

"என்ன பதில் வருமோன்னு பயம்."

பவதாரணி பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு யோசித்தாள். "எனக்குப் பயமில்லீங்க. நீங்க சொல்லுங்க."

அம்சவேணி பெஞ்சில் உட்கார்ந்தாள். பக்கத்தில் கையால் தட்டி, உட்கார் என்று காட்டினாள். அந்தப் பெண் உட்கார்ந்ததும், எங்கிருந்து தொடங்குவதென்று இப்போது தடுமாற்றம் இல்லை. அவளுக்குள் நெடுநாள் முடிந்து கிடந்த அந்தப் பேச்சு, இரண்டு பேர் வீட்டிலும் பேசுகிற அந்தத் தெலுங்கிலேயே வந்தது. "எங்கப்பா பேரு ரங்கன்" என்று தொடங்கினாள்.